அலுமினியத்துக்குள் தாமிரமும் சிர்கோனியமும்: திண்ம விரவலைக் கையால் கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

400 டிகிரி செல்சியஸ் உலையில் ஒரு மணி நேரம். தூய அலுமினியக் கட்டிக்குள் இருக்கும் ஒரு தாமிர அணு அந்த நேரத்தில் சுமார் 2.5 மைக்ரோமீட்டர் நகர்ந்திருக்கும். அதே கட்டி, அதே சூடு, அதே ஒரு மணி நேரம், ஆனால் தாமிரத்துக்குப் பதில் சிர்கோனியம் என்றால் நகர்வு 6.6 நானோமீட்டர்தான். அடுத்தடுத்து அடுக்கிய இருபத்து மூன்று அணுக்களின் நீளம் அவ்வளவு வரும்.

இரண்டும் இடைநிலை உலோகங்கள். அலுமினியத்துக்குள் இரண்டும் நகரும் வழியும் ஒன்றே. ஆனாலும் விரவல் குணகத்தில், அதாவது அணுக்கள் இப்படித் திண்மத்துக்குள் பரவுவதை அளக்கும், தூரத்தின் வர்க்கத்தோடு கூடும் எண்ணில், ஒன்றரை லட்சம் மடங்கு வித்தியாசம். விமானத் தகடு ஏன் வலுவாகிறது, சில ரிவெட்டுகளை ஏன் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள், வார்ப்புக் கட்டிகளை ஏன் மணிக்கணக்கில் சூட்டில் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் இதை ஒரு சமன்பாட்டோடு முடித்துவிடுகின்றன. எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் மனதில் உட்காரும் என்பது என் அனுபவம். அதனால் ஒவ்வொரு படியையும் கணக்கோடு எழுதுகிறேன். ஒரு சயன்டிஃபிக் கால்குலேட்டர் இருந்தால் போதும்.

படி 1: அணு எந்த வழியாக நகர்கிறது என்று பாருங்கள்

அலுமினியம் முகப்பு மைய கனச்சதுர அமைப்புக் கொண்டது. ஒவ்வொரு அணுவையும் தொட்டபடி 12 அணுக்கள். இரண்டு அண்டை அணுக்களின் மையங்களுக்கு இடையே 0.286 நானோமீட்டர். இவ்வளவு நெருக்கமான அடுக்கில் ஓர் அணு நகர வேண்டுமானால் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும்.

சிறு வயதில் விளையாடியிருப்பீர்கள்: பதினாறு கட்டம், பதினைந்து எண் வில்லைகள், ஒரே ஒரு காலிக் கட்டம். வில்லையை நகர்த்துகிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் காலிக் கட்டம்தான் பலகை முழுக்கச் சுற்றி வருகிறது. அலுமினியத்துக்குள்ளும் இதேதான். இந்தக் காலியிடங்கள் வார்ப்பில் நேர்ந்த பிழைகள் என்று எண்ண வேண்டாம். எந்தப் படிகத்திலும், எந்தச் சூட்டிலும், வெப்ப இயக்கவியல் விதிப்படி ஓரளவு காலியிடங்கள் இருந்தே தீரும். சூடு ஏற ஏற அவை பெருகும்.

எவ்வளவு பெருகும்? 1960இல் சிம்மன்ஸ், பாலுஃபி என்ற இரு ஆய்வாளர்களும் அழகான ஒரு சோதனை செய்தார்கள். அலுமினியத்தைச் சூடாக்கும்போது கம்பியின் நீளம் எவ்வளவு கூடுகிறது என்று அளந்தார்கள். கூடவே, எக்ஸ்கதிர் கொண்டு அணு அடுக்கின் இடைவெளி எவ்வளவு கூடுகிறது என்றும் அளந்தார்கள். நீளம் சற்று அதிகமாகவே கூடியது. அந்த அதிகப்படி, புதிதாக உண்டான காலியிடங்களின் கணக்கு. உருகுநிலைக்கு அருகே, அதாவது 660 டிகிரிக்குப் பக்கத்தில், 10,000 இடங்களில் சுமார் 9 காலி என்று தெரிந்தது.

கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் 500 டிகிரியில் ஒவ்வொரு அலுமினிய அணுவும் வினாடிக்கு ஏறத்தாழ 50 லட்சம் முறை இடம் மாறுகிறது. ஒரு மணி நேரத்தில் அது தாவிய தூரத்தையெல்லாம் நேர்கோட்டில் நீட்டினால் 5 மீட்டருக்கு மேல் வரும். தாவல்கள் திக்குத் திசையில்லாமல் நடப்பதால், புறப்பட்ட இடத்திலிருந்து அது போய்ச் சேர்வது என்னவோ சுமார் 35 மைக்ரோமீட்டர். விரவல் ஏன் இவ்வளவு மெதுவானது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

தாமிரம், இரும்பு, மாங்கனீசு, டைட்டானியம், சிர்கோனியம் எல்லாம் அலுமினிய அணுவின் இடத்தில் உட்காருபவை. அவை நகரவும் இதே காலியிடம்தான் வேண்டும். ஹைட்ரஜன் போன்ற மிகச் சிறிய அணு மட்டும் அடுக்கின் இடுக்குகளில் புகுந்து ஓடிவிடும். அதன் கதை வேறு, இங்கே எடுக்கவில்லை.

படி 2: இரண்டு எண்களைக் கையில் எடுங்கள்

ஒவ்வொரு உலோகத்துக்கும் இரண்டு எண்கள் தேவை. ஒன்று முன்காரணி (அடுத்த படியின் சமன்பாட்டில் முன்னால் நின்று பெருக்கும் எண்), மீட்டர்²/வினாடி அலகில். மற்றது கிளர்வு ஆற்றல் (அணு இடம் மாற ஆகும் ஆற்றல் செலவு), கிலோஜூல்/மோல் அலகில். பல ஆய்வாளர்களின் அளவீடுகளைச் சலித்து ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்புகள் தோராயமாக இவை:

அலுமினியம் (தன்னுள் தானே): 1.37 × 10⁻⁵, 124
தாமிரம்: 4.44 × 10⁻⁵, 133.9
நிக்கல்: 4.4 × 10⁻⁴, 146
ஸ்காண்டியம்: 5.31 × 10⁻⁴, 173
மாங்கனீசு: 1.35 × 10⁻², 211.5
இரும்பு: 0.36, 214
சிர்கோனியம்: 7.28 × 10⁻², 242
டைட்டானியம்: 0.112, 260
வனேடியம்: 1.6, 303

தாமிரத்தை இடைநிலை உலோகம் எனலாமா என்று சிலர் கேட்பார்கள். அதன் அயனியில் டி-கூடு (எலக்ட்ரான்கள் தங்கும் கூடுகளில் ஒன்று) நிரம்பாமல் இருப்பதால் சேர்ப்பதுதான் வழக்கம். துத்தநாகத்தை நான் சேர்க்கவில்லை.

பட்டியலைப் பயன்படுத்தும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். முன்காரணியும் கிளர்வு ஆற்றலும் ஜோடியாகப் பிறந்தவை. ஒரு கட்டுரையிலிருந்து முன்காரணியையும் இன்னொன்றிலிருந்து கிளர்வு ஆற்றலையும் எடுத்துக் கலந்தால் விடை பத்து மடங்கு கூடத் தவறும். ஒரே ஆய்வின் ஜோடியை அப்படியே எடுங்கள்.

படி 3: விரவல் குணகத்தைக் கணக்கிடுங்கள்

அர்ரீனியஸ் சமன்பாடு இது:

விரவல் குணகம் = முன்காரணி × 2.718^(−கிளர்வு ஆற்றல் ÷ (8.314 × வெப்பநிலை))

வெப்பநிலை கெல்வினில், கிளர்வு ஆற்றல் ஜூலில். செல்சியஸோடு 273 சேர்க்க மறப்பதும், கிலோஜூலை ஆயிரத்தால் பெருக்க மறப்பதும்தான் மாணவர் நோட்டில் நான் அதிகம் பார்க்கும் பிழைகள்.

500 டிகிரி செல்சியஸில் தாமிரத்தைப் போட்டுப் பார்ப்போம். வெப்பநிலை 773 கெல்வின். 8.314 × 773 = 6,427. அடுத்து 1,33,900 ÷ 6,427 = 20.83. 2.718இன் அடுக்கில் −20.83 போட்டால் 9 × 10⁻¹⁰ வரும். அதை 4.44 × 10⁻⁵ ஆல் பெருக்கினால் 4 × 10⁻¹⁴ மீட்டர்²/வினாடி. அவ்வளவுதான் வேலை.

இதே முறையில் 500 டிகிரிக்கு மற்றவற்றையும் போட்டால்: நிக்கல் 6 × 10⁻¹⁴, இரும்பு 1.3 × 10⁻¹⁵, ஸ்காண்டியம் 1.1 × 10⁻¹⁵, மாங்கனீசு 7 × 10⁻¹⁷, சிர்கோனியம் 3.2 × 10⁻¹⁸, டைட்டானியம் 3 × 10⁻¹⁹. நிக்கலும் தாமிரமும் அலுமினிய அணு தானே நகரும் வேகத்துக்கு அருகில் இருக்கின்றன. டைட்டானியம் அதைவிட ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேல் பின்தங்கி நிற்கிறது.

கிளர்வு ஆற்றல் பெரிதாக இருக்கும் உலோகத்துக்கு முன்காரணியும் பெரிது என்பதைப் பட்டியலில் கவனித்திருப்பீர்கள். அதனால் உருகுநிலைக்கு அருகே வித்தியாசம் சுருங்கும், சூடு குறையக் குறைய விரியும். தாமிரத்துக்கும் சிர்கோனியத்துக்கும் 500 டிகிரியில் 12,000 மடங்கு வித்தியாசம். 400 டிகிரியில் அது ஒன்றரை லட்சமாகிறது. ஓர் உலோகம் மற்றதைவிட எத்தனை மடங்கு வேகம் என்று யாராவது கேட்டால், எந்தச் சூட்டில் என்று திருப்பிக் கேளுங்கள்.

படி 4: அளவை வைத்து ஊகிக்காதீர்கள்

சிறிய அணு வேகமாகப் போகும், பெரிய அணு மெதுவாகப் போகும் என்று மனம் சொல்லும். இந்த இடத்தில் மனத்தை நம்பக்கூடாது.

இரும்பணுவும் தாமிர அணுவும் ஏறத்தாழ ஒரே பருமன். இரண்டும் அலுமினிய அணுவைவிடச் சிறியவை. ஆனால் 500 டிகிரியில் இரும்பு தாமிரத்தைவிட 30 மடங்கு மெதுவு. டைட்டானியத்தின் ஆரம் அலுமினியத்தின் ஆரத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, இருந்தும் அது கடைசி வரிசையில் நிற்கிறது. ஸ்காண்டியமோ பெரிய அணு. இரும்பைவிடக் கணிசமாகப் பெரியது. 500 டிகிரியில் இரண்டின் வேகமும் ஏறத்தாழ ஒன்று.

அளவு காரணம் இல்லை என்றால் வேறு என்ன? தனிம வரிசையில் ஸ்காண்டியத்திலிருந்து தாமிரம் வரை கிளர்வு ஆற்றலை வரைந்து பாருங்கள். 173இல் தொடங்கி, டைட்டானியத்தில் 260, வனேடியத்தில் 303 என்று ஏறி, மாங்கனீசு, இரும்பில் 210ஐ ஒட்டி இறங்கி, நிக்கலில் 146, தாமிரத்தில் 134 என்று தரையைத் தொடும். ஒரு மலை. டி-கூடு பாதியளவே நிரம்பியிருக்கும் உலோகங்கள், சுற்றியுள்ள அலுமினிய அணுக்களோடு இறுக்கமான பிணைப்பு வைத்துக்கொள்கின்றன. தாவ வேண்டுமானால் நான்கு அணுக்களுக்கு நடுவே உள்ள குறுகிய வாசலில் நுழைந்து வெளியேற வேண்டும். அந்த நடுவாசலில் பழைய பிணைப்புகள் அறுந்திருக்கும். பிணைப்பு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு ஆற்றல் செலவு. போதாததற்கு, இந்த உலோகங்களின் பக்கத்தில் வந்து நிற்கவே காலியிடம் விரும்புவதில்லை. வாசல் குறுகல், வாகனமும் வருவதில்லை என்றால் பயணம் எப்படி நடக்கும்? தாமிரத்தில், அயனியில் எப்படியோ, உலோகமாக இருக்கும்போது டி-கூடு நிறைந்துவிட்டது. பற்று தளர்ந்தது, வேகம் கூடியது.

குவாண்டம் இயக்கவியல் அடிப்படையிலான கணினிக் கணிப்புகளும் இதே மலை வடிவத்தைத் தருகின்றன.

படி 5: தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடுங்கள்

விரவல் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தோராயத் தூரம் = √(விரவல் குணகம் × நேரம்). இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் வேண்டும். தாமிரத்துக்கு 500 டிகிரியில் ஒரு மணி நேரம் என்றால் √(4 × 10⁻¹⁴ × 3,600) = 12 மைக்ரோமீட்டர்.

இதை ஒரு தொழிற்சாலைக் கேள்வியில் போடுவோம். அலுமினியக் கலவையை வார்க்கும்போது மரக்கிளை போன்ற படிகங்கள் வளர்கின்றன. கிளையின் நடுவில் ஒரு செறிவு, கிளைகளுக்கு இடையில் வேறொரு செறிவு. இதைச் சமன்செய்யத்தான் வார்ப்புக் கட்டியை அப்படியே சூட்டில் வைத்திருக்கிறார்கள், ஹோமோஜினைசிங் என்பார்கள். கிளைகளுக்கு இடையே 40 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செறிவு ஏற்றத்தாழ்வு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்க ஆகும் நேரம்:

நேரம் = (பாதி இடைவெளி)² ÷ (9.87 × விரவல் குணகம்)

பாதி இடைவெளி 20 மைக்ரோமீட்டர். 500 டிகிரியில் தாமிரத்துக்கு 17 நிமிடம் வருகிறது. இதைப்போல மூன்று மடங்கு நேரம் கொடுத்தால் 95 விழுக்காடு சமனாகிவிடும், அதாவது ஒரு மணி நேரத்துக்குள். மாங்கனீசுக்கு அதே சூட்டில் கிட்டத்தட்ட 7 நாள். சிர்கோனியத்துக்கு 147 நாள்.

எந்த ஆலை 7 நாள் உலையை ஓட்டும்? சூட்டை 600 டிகிரிக்கு ஏற்றினால் மாங்கனீசுக்கு 3 மணி 45 நிமிடம் ஆகிவிடுகிறது. மாங்கனீசுக் கலவைகளை 600 டிகிரியை ஒட்டிச் சூடேற்றும் வழக்கத்தின் காரணம் இந்தக் கணக்கில் தெரிகிறது. தாமிரம் நிறைந்த கலவையில் இந்த வித்தை பலிக்காது. அலுமினியமும் தாமிரமும் சேர்ந்த யூடெக்டிக் (மிகக் குறைந்த சூட்டில் உருகும் சேர்க்கை) 548 டிகிரியிலேயே உருகிவிடும், கட்டி உள்ளுக்குள் கசிந்து கெட்டுப்போகும். நல்லவேளை, தாமிரத்துக்கு அவ்வளவு சூடு தேவையும் இல்லை.

படி 6: கரைகிறதா என்று பாருங்கள்

வேகக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவோம். அலுமினியத்தில் தாமிரம் 548 டிகிரியில் 5.65 எடை விழுக்காடு வரை கரையும். மாங்கனீசு அதிகபட்சம் 1.8 விழுக்காடு. சிர்கோனியம் 0.28. இரும்போ 655 டிகிரியில் வெறும் 0.05 விழுக்காடு.

பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி பயன்படுத்துபவர்களுக்கு இரும்பு தீராத தலைவலியாக இருப்பதன் காரணம் இது. ஒருமுறை சேர்ந்த இரும்பு, அலுமினியத்தோடு சேர்ந்து ஊசி போன்றோ தகடு போன்றோ கடினமான துகள்களாகப் படிந்துவிடும். விரவல் குணகம் 10⁻¹⁵ என்பது மோசமில்லாத வேகம்தான். ஆனால் துகளிலிருந்து பிரிந்து வந்து கரைவதற்கு இடமில்லையே! வெப்பப் பதப்படுத்தலால் துகளின் வடிவத்தையும் வகையையும் மாற்றலாம், துகளையே இல்லாமல் ஆக்க முடியாது.

மறுபக்கம், குறைந்த கரைதிறனும் மந்தமான விரவலும் சேர்ந்தால் ஒரு வரமும் உண்டு. ஸ்காண்டியமும் சிர்கோனியமும் சிறிதளவு சேர்த்த அலுமினியத்தைச் சூட்டில் வைத்தால், முதலில் ஸ்காண்டியம் நகர்ந்து நானோ அளவு வீழ்படிவுகளாகத் திரள்கிறது. 400 டிகிரியில் சிர்கோனியம் அதைவிட 1,600 மடங்குக்கும் மேல் மெதுவு. அது பின்னால் வந்து சேர்ந்து, திரண்டிருக்கும் துகளின் மேல் ஓடு போலப் படிகிறது. உள்ளே ஸ்காண்டியப் பருப்பு, வெளியே சிர்கோனியத் தோல். துகள் பருக்க வேண்டுமானால் அந்த மந்தமான தோலைத் தாண்டி அணுக்கள் போக வேண்டும், அதனால் பருப்பதே இல்லை. கலவை சூட்டிலும் தன் வலுவை விடாமல் வைத்திருக்கிறது. வெவ்வேறு வேகத்தை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திக்கொண்ட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

படி 7: தணித்த (சட்டென்று குளிர்வித்த) உலோகம் என்றால் கணக்கை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்களானால், இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள்.

1906இல் ஜெர்மனியில், பெர்லினுக்கு அருகே, ஆல்ஃபிரட் வில்ம் அலுமினியத்தோடு 4 விழுக்காடு அளவில் தாமிரமும் சிறிது மக்னீசியமும் சேர்த்த கலவைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எஃகைப் போலச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் கடினமாகுமா என்று பார்த்தார். உடனே ஆகவில்லை. ஆனால் அறைச் சூட்டில் சும்மா கிடந்த துண்டு, சில நாட்களில் தானாகவே கடினமாகியிருந்தது. டியூராலுமின் என்ற வலுவான அலுமினியக் கலவை இப்படித்தான் பிறந்தது. தாமிர அணுக்கள் கூடித் திரள்வதால் வலு கூடுகிறது என்ற விளக்கத்தை 1919இல் மெரிக்கா, வால்டன்பர்க், ஸ்காட் மூவரும் முன்வைத்தார்கள். ஓர் அணு தடிமனே உள்ள அந்தத் தாமிரத் திரள்களை 1938இல் பிரான்சில் கினியேவும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் தனித்தனியாக எக்ஸ்கதிரில் கண்டார்கள்.

இப்போது நம் சமன்பாட்டை 25 டிகிரியில் போடுவோம். 298 கெல்வின். 8.314 × 298.15 = 2,479. 1,33,900 ÷ 2,479 = 54. விடை 1.6 × 10⁻²⁸ மீட்டர்²/வினாடி. ஒரே ஒரு நானோமீட்டர் நகர, 10⁻¹⁸ ÷ 1.6 × 10⁻²⁸, அதாவது 600 கோடி வினாடிக்கு மேல். சுமார் 200 ஆண்டு! வில்மின் துண்டோ சில நாட்களில் வேலையை முடித்துவிட்டது. எங்கே தவறு?

சமன்பாட்டில் தவறில்லை. நாம் காலியிடங்களை எண்ணியதில்தான் தவறு. 124 கிலோஜூல்/மோல் என்ற அலுமினியத்தின் கிளர்வு ஆற்றல் இரண்டு செலவுகளின் கூட்டு. அணு ஒன்றுக்கு எலக்ட்ரான்வோல்ட்டில் சொன்னால், காலியிடம் உண்டாக 0.67, அதற்குள் அணு தாவ 0.61. உலையில் 500 டிகிரியில் இருக்கும்போது காலியிடங்கள் ஏராளம். தண்ணீரில் சட்டென்று தணிக்கும்போது அவை வெளியேற நேரமில்லை. உள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. எத்தனை? 500 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் உள்ள காலியிட விகிதத்தை 0.67ஐ வைத்துக் கணக்கிட்டால் 90 லட்சம் மடங்கு வருகிறது. விரவலும் தொடக்கத்தில் அத்தனை மடங்கு வேகமாகும். 200 ஆண்டை 90 லட்சத்தால் வகுத்தால் 12 நிமிடம்.

இந்த 12 நிமிடத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம். அதிகப்படிக் காலியிடங்கள் படிக எல்லைகளிலும் (ஒரு படிகமும் அடுத்த படிகமும் சந்திக்கும் இடங்கள்) இடப்பெயர்ச்சிக் கோடுகளிலும் (அணு அடுக்கு பிசகிய கோடுகள்) போய் விழுந்து நாளடைவில் குறைந்துகொண்டே வரும். அதோடு விரவலும் மந்தமாகும். ஆனால் ஆண்டுக்கணக்கு நிமிடக்கணக்காக, நாள்கணக்காக இறங்குவதன் காரணம் இதுதான்.

விமானப் பணிமனைகளில் இதற்குக் கண்முன்னே சாட்சி உண்டு. 2024 என்ற எண்ணால் குறிக்கப்படும், தாமிரம் சேர்ந்த அலுமினியக் கலவையில் செய்த ரிவெட்டுகளைச் சூடாக்கித் தணித்த கையோடு உறைகுளிர்ப் பெட்டியில் போட்டு வைப்பார்கள். அடிக்க வேண்டிய நேரத்தில்தான் வெளியே எடுப்பார்கள், எடுத்த சில நிமிடங்களில் அடித்து முடித்துவிட வேண்டும். தாமதித்தால் ரிவெட் கடினமாகி, தலை வெடித்துவிடும். ஏன் குளிர்? காலியிடங்கள் ஏற்கெனவே உள்ளே மாட்டியிருப்பதால், உண்டாகும் செலவான 0.67 இப்போது கணக்கில் வராது. தாவும் செலவான 0.61 மட்டுமே வேகத்தைத் தீர்மானிக்கும். அதை வைத்து 25 டிகிரியையும் −20 டிகிரியையும் ஒப்பிட்டால் வேகம் சுமார் 70 மடங்கு குறைகிறது. நிமிடங்கள் மணிகளாக நீள்கின்றன. விரவலைப் பனிக்கட்டியில் வைத்து நிறுத்திவைப்பது போன்ற வேலை.

இன்னொரு சாட்சி இன்னும் பழையது. 1903இல் ரைட் சகோதரர்களின் விமான எஞ்சினின் கிராங்க்கேஸ் (எஞ்சினின் வெளிக்கூடு), அலுமினியத்தில் 8 விழுக்காடு அளவுக்குத் தாமிரம் சேர்த்த வார்ப்பு. 1994இல் அதன் சிறு துண்டை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, உள்ளே கினியே-பிரெஸ்டன் திரள்கள் இருந்தன. வில்ம் கண்டுபிடிப்பதற்கு மூன்று ஆண்டு முன்பே அந்த வார்ப்புக்குள் அது நடந்துகொண்டிருந்தது.

படி 8: குறுக்குவழிகளை மறக்காதீர்கள்

இதுவரை போட்ட கணக்கெல்லாம் குறையில்லாத படிகத்துக்குள் நடப்பது. படிக எல்லைகளிலும் இடப்பெயர்ச்சிக் கோடுகளிலும் அடுக்கு தளர்ந்திருப்பதால் அங்கே விரவல் பல மடங்கு வேகம். உருகுநிலைக்கு அருகே இதைப் பொருட்படுத்த வேண்டாம், ஏனென்றால் படிகத்தின் உட்பகுதியே வேகமாக ஓடுகிறது. 300 டிகிரிக்குக் கீழே, நுண்மணிகள் (மிகச் சிறிய படிகங்கள்) கொண்ட தகடு என்றால், குறுக்குவழியே பிரதான வழியாகிவிடும். நீங்கள் கணக்கிட்டதைவிட உண்மையான ஊடுருவல் அதிகம் என்றால் முதலில் இங்கே தேடுங்கள்.

படி 9: அந்த எண்களை எப்படி அளந்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அலுமினிய ஒற்றைப் படிகத்தின் முகத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, அதன் மேல் கதிரியக்க ஐசோடோப்பை மெல்லிய படலமாகப் படியவைக்கிறார்கள். இரும்புக்கு இரும்பு-59, மாங்கனீசுக்கு மாங்கனீசு-54, குரோமியத்துக்கு குரோமியம்-51. குறித்த சூட்டில் குறித்த நேரம் வைத்து, பிறகு மேலிருந்து கீழாக மெல்லிய சீவல்களாகச் சீவி, ஒவ்வொரு சீவலின் கதிரியக்கத்தையும் எண்ணுகிறார்கள். செறிவின் மடக்கையை ஆழத்தின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சரிவிலிருந்து விரவல் குணகம். தாமிரம்-64இன் அரைவாழ்வு 12.7 மணி நேரம்தான். சூடேற்றி, சீவி, எண்ணி முடிப்பதற்குள் பாதி போய்விடும் என்பதால் அது ஓட்டப்பந்தயம்.

அலுமினியத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. காற்றுப் பட்ட உடனே மேலே சில நானோமீட்டர் ஆக்சைடு தோல் படிந்துவிடும். ஐசோடோப்பு அந்தத் தோலின் மேலேயே தங்கிவிட்டால், நாம் அளப்பது தோலின் குணத்தையே தவிர அலுமினியத்தின் குணத்தை அல்ல. இடைநிலை உலோகங்களுக்கு முதலில் வந்த சில அளவீடுகள் கிளர்வு ஆற்றலை நம்ப முடியாத அளவு குறைவாகக் காட்டின. 1970இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் பீட்டர்சனும் ரோத்மனும் கவனமாகச் செய்த அளவீடுகள் போன்றவை வந்த பிறகுதான் படம் தெளிந்தது. பழைய கையேட்டில் இரும்புக்கோ கோபால்ட்டுக்கோ கிளர்வு ஆற்றல் 100க்கும் கீழே என்று கண்டால் தள்ளிவைத்துவிடுங்கள்.

படி 10: முழுக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்

2024 கலவை வலுவானது, ஆனால் அதில் உள்ள தாமிரத்தால் எளிதில் அரிபடும். அதனால் தகட்டின் இரண்டு பக்கமும் தூய அலுமினியத்தைப் போர்வையாக ஒட்டி உருட்டுகிறார்கள். 1920களின் பிற்பகுதியில் அல்கோவா என்ற அமெரிக்க அலுமினிய நிறுவனத்தில் எட்கர் டிக்ஸ் உருவாக்கிய இந்த முறைக்கு ஆல்கிளாட் என்று பெயர். மெல்லிய தகட்டில் ஒரு பக்கப் போர்வை மொத்தத் தடிமனில் சுமார் 5 விழுக்காடு. அரை மில்லிமீட்டர் தகடு என்றால் 25 மைக்ரோமீட்டர்.

இந்தத் தகட்டை 495 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துத் தணிக்கிறோம். உள்ளே இருக்கும் 4.4 விழுக்காடு தாமிரம் போர்வையைத் தாண்டி மேற்பரப்புக்கு வந்துவிடுமா?

495 டிகிரியில் தாமிரத்தின் விரவல் குணகம் 3.5 × 10⁻¹⁴. 1,800 வினாடிக்கு √(விரவல் குணகம் × நேரம்) 7.9 மைக்ரோமீட்டர், அதன் இரு மடங்கு 15.8. போர்வைத் தடிமனை இதனால் வகுத்தால் 1.58. மேற்பரப்பைத் தாண்டித் தாமிரம் வெளியேற முடியாது என்பதால், மேற்பரப்பில் செறிவு = 4.4 × 1.58க்கான நிரப்புப் பிழைச் சார்பு. எக்ஸெல் போன்ற எந்த விரிதாளிலும் இந்தச் சார்பு ERFC என்ற பெயரில் உண்டு. அதன் மதிப்பு 0.025. விடை சுமார் 0.1 விழுக்காடு. பரவாயில்லை.

தகடு வளைந்துவிட்டது, மறுபடி சூடேற்றுவோம் என்று யாராவது இரண்டாம் முறை உலையில் வைத்தால்? மொத்த நேரம் 3,600 வினாடி, விகிதம் 1.12, மேற்பரப்பில் தாமிரம் 0.5 விழுக்காடு. மூன்றாம் முறை என்றால் 0.9 விழுக்காட்டை நெருங்கும். போர்வை என்ற பெயர் மட்டும் மிஞ்சும், அரிப்பைத் தடுக்கும் குணம் போய்விடும். இதே கணக்கை ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு, 50 மைக்ரோமீட்டர் போர்வைக்குப் போடுங்கள். மூன்று முறை சூடேற்றியும் மேற்பரப்பில் 0.04 விழுக்காடுதான். மெல்லிய ஆல்கிளாட் தகட்டை எத்தனை முறை மறுசூடேற்றலாம் என்று விமானத் துறை விதிமுறைகள் கண்டிப்பாக வரையறுப்பது தடிமனின் இந்த வர்க்க விதியால்தான்.

இப்படி அளவுக்கு மீறிச் சூடேற்றிய தகடு ஒன்றின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். அமிலத்தில் நனைத்து எடுத்ததும் உட்பகுதி கருத்துத் தெரிந்தது. போர்வை வெளுப்பாக, கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்க வேண்டிய இடத்தில் எல்லையே இல்லை. கருப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வெளுத்துக்கொண்டே போனது. நடுநடுவே படிக எல்லைகளின் வழியே மட்டும் மெல்லிய கரும் இழைகள், வேர்போல, மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தன.